தோளில் தலை வைத்த முக்கால் மணி நேரம்

அன்று பகல் ஒன்று நாற்பதுக்கு அக்கா தன் அவித்த முட்டையில் பாதியை என் வாயில் திணித்தாள். எங்கள் கால்கள் அசைந்துகொண்டுதான் இருந்தன. நெஞ்சுயர மேசையில், ஆட்டத்தை நிறுத்தாமலே சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகு நடந்ததைக் கனவு என்று பலர் சொல்லிவிட்டார்கள். கனவில்லை. கூட்டமே பார்த்தது.

1931, ஆகஸ்ட் மாதம். இந்தியானாவில் தகரக் கூரை போட்ட ஒரு மரக்கொட்டகை. மாரத்தான் நடனப் போட்டியில் எங்களுக்கு அது முப்பத்தோராவது நாள். முக்கால் மணி நேரம் ஆட்டம், கால் மணி நேரம் ஓய்வு. இரவு பகல் கிடையாது. ஜோடியின் தோளில் சாய்ந்து தூங்கலாம், கால் நகர்ந்தால் போதும். முழங்கால் தரையில் பட்டால் வெளியே. பண்ணை கைவிட்டுப் போன பிறகு, வெளியே எங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு போட யாரும் இல்லை.

மேனேஜர் எங்களைக் காதலர்கள் என்றே நினைத்திருந்தார். "வெள்ளிக்கிழமை இங்கயே உங்களுக்குக் கல்யாணம் வச்சிடலாம். கூட்டம் அள்ளும்" என்றார்.

"இந்த மூஞ்சியையா? பொறந்ததுலேருந்து பாத்துட்டேன். போதும் சார்" என்றாள் ஐடெல்லா அக்கா.

அவர் போனதும் நான் சொன்னேன்: "அக்கா, என்னால முடியல. கண்ணு சொருகுது."

"அடுத்த ஆட்டம் முழுக்கத் தூங்குடா. நான் பிடிச்சுக்கறேன்."

"உனக்கு?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

அவள் உதடு நீலமாக இருந்தது. பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

1.45. சைரன். ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம். கட்டிலில் விழுந்தேன்.

2.00. மறுபடி சைரன். வழக்கமாக அக்கா நொண்டிக்கொண்டு கடைசியாக வருவாள். அன்று எனக்கு முன்பே தளத்தின் நடுவில் நின்றிருந்தாள். நொண்டல் இல்லை.

தோளில் தலை வைத்தேன். முப்பது நாளாக அவள்மேல் அடித்த தைல வாசனை இல்லை. அந்த வெயிலிலும் கை சில்லென்று இருந்தது. சுகமாகத்தான் இருந்தது...

"கால் வலிக்கலையா?"

"இல்ல. தூங்கு."

2.20க்கு ஒருமுறை விழித்தேன். வாத்தியங்கள் நின்றிருந்தன. மற்ற ஜோடிகள் ஓரமாக ஒதுங்கியிருந்தார்கள். நடுவில் செருப்புகள் உரசும் சத்தம்... சர்ர்... சர்ர்...

ஒரு ஜோடிச் செருப்புதான்.

என்னுடையது.

"அக்கா..."

"ம்."

தூங்கிப்போனேன்.

2.45. சைரன். தோள் விலகியது. அவள் பெண்கள் பக்கம் நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

யாரும் கைதட்டவில்லை.

நர்ஸ் வந்தாள். "எம்மெட், உக்காருப்பா."

"அக்கா எங்க?"

"கட்டில்லயே போயிட்டாப்பா. ரெண்டு மணிக்கு எழுப்பப் போனப்பவே உடம்பு சில்லிட்டிருந்தது."

"இப்பதான என்கூட..."

"சொல்லத்தான் ரெண்டு தடவ வந்தேன். நீ சாஞ்சிருந்த விதத்தப் பாத்து... தொட பயமா இருந்தது."

அக்கா எனக்காக வந்து நின்ற அந்த முக்கால் மணி நேரத்தை நான் தூங்கிக் கழித்தேன். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

அவளைப் புதைத்த மறுநாள், நடுவர் தன் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தந்தார். "இத நான் வச்சுக்க மாட்டேன்" என்றார். பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை:

"ஜோடி 14. மணி 2.00 முதல் 2.45 வரை. ஆண் மட்டும். முன்னால் சாய்ந்தபடி தூக்கம். முழங்கால் தரையில் படவில்லை."