பார்வைக்குத் திறந்த கேட்

கேட்டில் கிடந்த சங்கிலியை அன்று காலை அவிழ்த்து, குசினியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். குண்டசாலையைத் தாண்டி, கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் பாதையோரம் இருந்த பெண்கள் காப்பகம் அது. வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றிக் கடத்தப்பட்டு, பொலிசார் மீட்டுவந்த பெண்களை வழக்கு முடியும்வரை அங்கேதான் வைத்திருந்தார்கள். ஆட்கடத்தலைத் தடுக்க நம் நாடு உருப்படியாக ஏதாவது செய்கிறதா என்று பார்க்க ஒரு வெளிநாட்டுக் குழு வரவிருந்தது. அவர்கள் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் உலகத்தின் முன் நாட்டுக்கு நல்ல பெயரா கெட்ட பெயரா என்பது முடிவாகும். நான் அவர்களுக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த அதிகாரிக்குச் சங்கிலியைக் கண்டதும் வேர்த்துவிட்டது. ஆட்களை அடைத்துவைக்கும் மறியல் மாதிரி இருக்கிறது, உடனே எடுங்கள் என்று கத்தினார். புதுத் திரைச்சீலைகளும் கடையின் விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காத கதிரைகளும் அவருக்கு முன்பே வந்து இறங்கியிருந்தன.

காப்பகத்து மேட்ரனை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். ஆள் பெரிது, குரல் அதைவிடப் பெரிது. எதைக் கேட்டாலும் மேலிடத்தில் உத்தரவு வேண்டும் என்பார். வெளிப்படையாகவே சொல்கிறேன், அவரைக் கண்டால் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். சட்டம் பேசியே சம்பளம் வாங்குகிற ஆள் என்று நினைத்திருந்தேன்.

அங்கிருந்தவர்களில் ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துப் பெண் ஒருத்தி அன்று ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தபடியே இருந்தாள். வெளிநாட்டு வேலை என்று சொல்லி ஒரு ஏஜென்ட் அவளைக் கொழும்பில் ஒரு வீட்டில் பூட்டி வைத்திருந்தான். அவன் மேல் வழக்கு, அவள்தான் முக்கிய சாட்சி. அவளுடைய கைக்குழந்தை தோட்டத்து லயத்து வீட்டில் அக்காவிடம் இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் விடவேயில்லை என்று செய்தி வந்திருந்தது. ஒரு தடவை போய்ப் பார்த்து வருகிறேன் என்று கேட்டாள். போனால் ஏஜென்டின் ஆட்கள் பயமுறுத்தி மடக்கிவிடுவார்கள், வழக்குக்கு வரமாட்டாள் என்று அதிகாரி மறுத்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவளுடைய ஊருக்குப் போகிற பஸ் அந்தக் கேட்டை உரசிக்கொண்டுதான் நாள் முழுக்கப் போய் வந்துகொண்டிருந்தது.

குழு வந்தது. முன் மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். எனக்கும் மேட்ரனுக்கும் முற்றம் தெரிந்தது, அதிகாரி அதற்கு முதுகு காட்டி இருந்தார். அந்தப் பெண் விளக்குமாற்றோடு முற்றத்துக்கு வந்தாள். திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, வீட்டுச் செருப்போடு பாதைக்கு இறங்கிக் கையை நீட்டினாள். பஸ் நின்று, அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று. மேட்ரனைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பி, நிரம்பியிருந்த கோப்பையில் இன்னும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் குழுவின் தலைவி கேட்டாள், இங்கே இருப்பவர்கள் விரும்பினால் வெளியே போகலாமா என்று. தாராளமாக, எப்போது வேண்டுமானாலும் என்றார் அதிகாரி, கொஞ்சமும் கூசாமல். அவள் மேட்ரன் பக்கம் திரும்பி அதையே கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

“போகலாங்க. இப்பகூட ஒரு புள்ள வீட்டுக்குப் போயிருக்கு. கொழந்தைக்குக் காய்ச்சலாம்.”

ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அதிகாரி திரும்பி முற்றத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தலைவி திருப்தியோடு தலையசைத்தாள்.

அவர்களுடைய வண்டி திரும்பியதும் அதிகாரி குதித்த குதியைச் சொல்லி மாளாது. பொலிசைக் கூப்பிட்டு அவளை இழுத்து வரச் சொல்கிறேன் என்றார்.

“நீங்கதானே சார் போகலாம்னு சொன்னீங்க? நாளைக்கே அந்தம்மா திரும்பி வந்து கேட்டா என்னா சொல்றது?” என்று சிங்களத்தில் கேட்டார் மேட்ரன்.

அதிகாரி பொலிசைக் கூப்பிடவில்லை. வழக்குத் தவணைக்கு அவள் வராவிட்டால் மேட்ரனுக்கு வேலை இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சங்கிலி மறுபடி கேட்டுக்கு வந்தது. அறிக்கையும் பின்னால் வந்தது. காப்பகத்துப் பெண்கள் சுதந்திரமாக வெளியே சென்று வருகிறார்கள் என்று அதில் நல்ல எழுத்தில் அச்சாகியிருந்தது. எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. இன்றும் இப்படியான குழுக்களோடு போகிறேன். இன்றும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள், அதே பதிலை மொழிபெயர்த்துச் சொல்கிறேன். அந்த நேரத்தில் என்னால் கதிரையில் அமைதியாக உட்கார முடிவதில்லை.

அந்த வழக்கின் தவணை நாளில் யாரும் கூப்பிடாமலேயே கண்டி நீதிமன்றத்துக்குப் போனேன். மேட்ரன் வாசலில் நின்று சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார். எனக்கு முன்பே வந்திருந்த அதிகாரி அவரைப் பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லை. “வருவாளா?” என்று மெதுவாகக் கேட்டேன். “தெரியலீங்க. அன்னிக்கு அவ மூஞ்சியப் பாத்தேன். கூப்பிட வாய் வரல,” என்றார். அந்தப் பெரிய குரல் அன்று எங்கே போயிற்றோ தெரியவில்லை.

வழக்கைக் கூப்பிடுவதற்குச் சற்று முன் அவள் வந்தாள். இடுப்பில் குழந்தை, பின்னால் அக்கா. மேட்ரன் ஓடிப்போய்க் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் ஏசினார். அதிகாரிக்கு நம்ப முடியவில்லை. எப்படித் தானாக வந்தாள் என்று கேட்கும்படி சிங்களத்தில் என்னிடம் சொன்னார்.

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “நான் எப்ப வரமாட்டேன்னேன்? அந்த ஏஜென்டு உள்ள போகணும்னு என்னவிட யாருக்கு ஆச? எல்லாரும் வந்து என்னென்னமோ கேட்டீங்க. வருவியான்னு யாரும் கேக்கலியே.”

அதையும் ஒரு சொல் குறைக்காமல் அவருக்குச் சொன்னேன்.