யார் சொன்னது என்று எழுது

கட்டுரை திருத்துவது என்பது ஒரே புத்தகத்தைப் பல கையெழுத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கிற தொழில். இந்த வாத்தியார் வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு அதைச் சொல்லவேண்டியதில்லை. தோட்டத்துச் சனங்களின் பிரஜாவுரிமை மனுக்கள் அரசாங்கக் கந்தோர்களில் தூங்கிக்கொண்டிருந்த காலத்தில் நான் மலைநாட்டில் ராகலைக்குப் பக்கத்தில் மேல்வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் கலாசாலைக்கு எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள். அதற்கு ஊரைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை அனுப்ப வேண்டும். எதை எங்கிருந்து எடுத்தோம் என்று அடியில் குறிக்கவும் வேண்டும். அந்த வருஷம் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் கடைவீதிப் பையன் முருகேசு. மற்றவள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண் சிவகாமி. இடம் கிடைக்காவிட்டால் அவள் கொழுந்து பறிக்கப் போகவேண்டியதுதான்.

கடற்காற்று

முருகேசுவின் கட்டுரையில் ராகலையில் கடற்காற்று வீசியது. வீட்டுக்கு வீடு பனைமரம் நின்றது. பள்ளிக்கூட அலுமாரியில் கிடந்த யாழ்ப்பாணத்துப் புத்தகத்தை முற்றுப்புள்ளி உட்பட அப்படியே இறக்கியிருந்தான். "நீ பனைமரம் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன். குளிருக்குக் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு யோசித்தான்.

"அச்சுல இருக்குதுங்க சேர். நம்ம ஊர்ல இல்லாட்டி அது நம்ம குறைதானுங்களே?"

களவு

சிவகாமியின் முதல் கட்டுரையும் அதே அலுமாரிதான். தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்தவர் எழுதியதை உன் பேரில் போட்டால் அது களவு என்றேன். லீவு நாளில் அம்மாவுக்கு ஒத்தாசையாக மலைக்குப் போய்க் கொழுந்தெடுக்கிறவள் அவள். முகம் சிவந்துவிட்டது.

"நான் கிள்ளுற கொழுந்த எங்கம்மா பேர்லதானுங்க நிறுக்கிறாங்க. எங்கம்மாவக் களவாணின்னு சொல்லுவீங்களா சேர்?"

பேர் வேண்டாம்

ஆனாலும் பிள்ளை விடவில்லை. இந்தத் தோட்டத்துக்கு ஆட்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று அப்பாவிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயம். இரண்டு தரம் வாசித்தேன். "யார் சொன்னது என்று அடியில் எழுது. அப்பா பேரையும் அவர் ஊரையும் போடு" என்றேன். மறுநாள் அவள் அப்பா அன்றைய வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"பிரஜாவுரிமைக்கு மனு போட்டிருக்கோமுங்க. இந்தியாவுல இன்ன ஊருன்னு நாங்களே எழுதிக் குடுத்தா, அங்கயே போன்னுருவாங்க. எம் பேரு வேணாங்க ஐயா."

நேர்மை

பேரையும் ஊரையும் எடுத்துவிட்டு அனுப்பினோம். முருகேசு பனைமரங்களை அப்படியே விட்டுவிட்டு, நான் சொன்னபடி பக்கத்துக்குப் பக்கம் கீழே புத்தகத்தின் பேரை மட்டும் எழுதி அனுப்பினான். முருகேசுவுக்குத்தான் இடம் என்று முடிவு வந்ததும் நுவரெலியாவுக்கு பஸ் ஏறிப் போய்க் கல்வி அதிகாரியைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை கேட்டு எழுதியது, சொன்னவருக்குப் பயம் என்று கெஞ்சினேன். மனுஷன் கெட்டவர் இல்லை. தேத்தண்ணீர் கொடுத்துப் பொறுமையாகத்தான் கேட்டார்.

"மாஸ்டர், ஆர் சொன்னதெண்டு இல்லாட்டி எங்கையோ பாத்துக் களவா எழுதினதெண்டுதானே அர்த்தம்? மற்றப் பொடியனைப் பாருங்கோ, என்ன நேர்மை!"

சிவகாமி அடுத்த மாதமே கூடை தூக்கிவிட்டாள்; எடுத்த இடத்தைச் சொல்லாதவர் திருடர் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துத்தான் நான் இன்றைக்கும் சம்பளம் வாங்குகிறேன்.