ஏழாவது கட்டமும் ஆட்டுக்கிடையும்

நான்கு வருடங்களுக்கு முன், ஆவணி மாதம். கோவில்பட்டிக்குக் கிழக்கே நாகலாபுரம் பக்கம், ஒரு கரிசல் காட்டில் என் முனைவர் பட்ட ஆய்வை நடத்திக்கொண்டிருந்தேன்.

நாம் போடும் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குவது மண்ணில் இருக்கும் ஒரு நொதி. கரிசலில் அது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் என் கேள்வி. அதற்காக, எடை கூடிய நைட்ரஜன் கொண்ட யூரியாவைக் கரைத்துக் கொண்டுபோனேன். பார்வைக்குச் சாதாரண யூரியாதான். அதிலிருந்து வந்த நைட்ரஜனை மட்டும் கருவி தனியாக அடையாளம் காட்டிவிடும்.

நிலம் ஓர் அக்காவுடையது. கணவருக்குத் திருப்பூரில் வேலை, விவசாயம் முழுக்க இவர் தலையில். ஒரு மூலையில் பன்னிரண்டு சிறு கட்டங்கள் போட எனக்கு இடம் கொடுத்தார். என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். மீதி நிலத்தில், விதைப்புக்கு முன் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தார். ஆடுகளை இரவில் நிலத்திலேயே அடைத்து, பட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போவார்கள்.

ஒரு வாரம் கழித்து மண்ணைச் சோதித்தேன். ஏழாவது கட்டத்தில் மட்டும் அம்மோனியா இரண்டு மடங்கு. ஆடு புகுந்து மூத்திரம் பெய்திருக்கும், வேறென்ன என்று முடிவே கட்டிவிட்டேன். கோபம் வந்தால் என் வாய் சும்மா இருக்காது. கிடைக்காரர் முன்னாலேயே அக்காவைத் திட்டித் தீர்த்தேன்.

“ஒரு குட்டிகூட அங்கன கால் வைக்கல டீச்சர். நாந்தான் பாத்துக்கிட்டே கெடந்தேன்” என்றார் அக்கா.

நான் நம்பவில்லை. அவர் முகம் சுண்டிப்போனது. கிடைக்காரரிடம் திரும்பி, “அண்ணாச்சி, கிடையை எடுத்துருங்க. அவிய படிப்பு கெட்டுரக் கூடாது” என்றார். பாதி நிலம்தான் முடிந்திருந்தது. கிடைக்காரர் ஆடுகளைப் புதூர் பக்கம் ஓட்டிப்போனார். நான் தடுக்கவில்லை.

அடையாள நைட்ரஜனின் முடிவு வெளியூர் ஆய்வகத்திலிருந்து வரக் கார்த்திகை ஆகிவிட்டது. ஆட்டு மூத்திரம் கலந்திருந்தால் சாதாரண நைட்ரஜன் கூடியிருக்க வேண்டும். அது துளியும் கூடவில்லை. கூடியது முழுக்க நான் ஊற்றியது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு போன் வந்தது. பேசி முடித்து, விட்ட இடம் தெரியாமல் ஏழாவதிலேயே மறுபடி ஊற்றியிருக்கிறேன். கூடுதலாகக் கரைத்த ஒரு பங்கு கடைசியில் மிச்சம் வராதபோதாவது யோசித்திருக்கலாம்.

மறுநாளே பஸ் ஏறினேன். கிடை இருந்த பாதியில் மக்காச்சோளம் இடுப்பளவு, கருகருவென்று நின்றது. மறுபாதி வெளிறிப்போய் முழங்காலைத் தாண்டவில்லை. அக்கா அந்தப் பாதியில்தான் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

“தப்பு எம்மேலதான் அக்கா” என்று எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன்.

“அன்னைக்கே சொன்னேம்லா டீச்சர்” என்றார். ஒரு களையைப் பிடுங்கி வரப்பில் போட்டார். பிறகு, “ஒங்க படிப்பு தப்பிச்சிருச்சுல்லா?” என்று கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆய்வேட்டில் அந்தக் கட்டம் ‘அளவுப் பிழை’ என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. அக்காவின் பாதி நிலத்துக்கு அதில் இடமில்லை. இன்றைக்கும் ஓர் எண் இடித்தால் முதலில் என் கையைத்தான் சந்தேகப்படுகிறேன். ஆனால் ஒரு மனுஷி சொன்ன சொல்லை நம்ப எனக்குக் கருவி தேவைப்பட்டதே, அந்த வெட்கம் மட்டும் இன்னும் போகவில்லை.