குலவைக்கு வந்த மெமோ

மகள் ஏதோ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் அடுப்படிக்கு வந்து, "அம்மா, அன்பிகமிங்னா என்னம்மா?" என்றாள். "தகாத, பொருந்தாத" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போனில் தேடினாலும் அதுதான் வரும். நான் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டது வேறு மாதிரி. புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில், தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து.

அந்தக் கூடத்துக்கென்று ஒரு வாசம் உண்டு. கார்பன் தாள், பழைய கட்டுகளின் தூசி, மதியமானால் யாரோ ஒருவருடைய புளிச்சோறு. கீரனூரிலிருந்து நான் வரும் பஸ்ஸில்தான் பஞ்சவர்ணம் அக்காவும் வருவார். அதே அலுவலகத்தில் வேலை பார்த்த கணவர் இறந்துபோக, கருணை அடிப்படையில் பதிவறை எழுத்தர் வேலை கிடைத்தவர். இரண்டு பிள்ளைகள். புரொபேஷன் இன்னும் முடியவில்லை. சின்னப் பிசகு என்றாலும் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நாற்காலி நுனியில்தான் உட்காருவார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடும்போது மட்டும் அந்தப் பயத்தைக் காணோம்.

எங்கள் சூப்பரின்டெண்டுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருடம் குழந்தையில்லை. ஒருநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பெண் குழந்தை. மனிதர் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே அழுதுவிட்டார். பஞ்சவர்ணம் அக்கா எழுந்து நின்று போட்டார் பாருங்கள் ஒரு குலவை! நடவு வயலில் கேட்டிருக்கிறேன், முளைப்பாரியில் கேட்டிருக்கிறேன். கூரை உயர்ந்த அந்தக் கூடத்தில் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

கெட்ட நேரம், அதிகாரியின் அறையில் சென்னையிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் மெமோ தயார். அரசு ஊழியருக்கு அன்பிகமிங்கான நடத்தையாம். அடித்தது நான்தான், வேறு யார் அடிப்பது? அதிகாரியின் கையெழுத்து விளங்காமல் எழுத்துக்கூட்டிக் கேட்கப் போய் எனக்கும் ஒரு முறைப்பு கிடைத்தது.

அக்கா மெமோவை வாங்கிக்கொண்டு நேரே சூப்பரின்டெண்டிடம் போனார். "இதுக்கு என்னங்க அர்த்தம்?"

அவர் நிமிரவேயில்லை. "ஒண்ணுமில்லம்மா. நீங்க இருக்கிற நெலமைக்கு இது பொருத்தமில்லேங்கிறாரு."

அக்கா சிரித்தார். "இதைத்தானங்க ஊர்லயும் சொல்றாக. புருசன் போனவ நல்ல காரியத்துல குலவை போடக் கூடாதுன்னு. ஆபீசுல யாரு கேக்கப் போறாகன்னு நெனச்சுட்டேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மன்னிப்புக் கடிதத்தை சூப்பரின்டெண்டே இங்கிலீஷில் எழுதினார். அக்கா தமிழில் கையெழுத்துப் போட்டார். எச்சரிக்கையோடு விட்டார்கள், வேலை தப்பியது. அந்தச் சொல் மட்டும் எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. ஆறிப்போன டீ அன்பிகமிங், சட்டையில் சிந்திய சாம்பார் அன்பிகமிங், நிறுத்தாமல் போன கீரனூர் பஸ் ரொம்பவே அன்பிகமிங். அக்கா மட்டும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தத் தட்டச்சு இயந்திரங்கள் இப்போது இல்லை. கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். அக்கா ஓய்வு பெற்ற அன்று, கழுத்தில் மாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோவெல்லாம் எடுத்து முடித்தபிறகு நான் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன். "அக்கா, இனிமே ஒங்களுக்கு எவனும் மெமோ குடுக்க முடியாது. ஒரு குலவை போடுங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். அக்காவுக்கும் ஆசைதான், முகத்தில் தெரிந்தது. கையை வாய்க்கு நேரே கொண்டுபோய் நாக்கைச் சுழற்றினார். வெறும் காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தரம் முயன்றார்.

"வரமாட்டேங்குதுடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.