தாண்டிக்குளம் மட்டும்

வவுனியா ஆஸ்பத்திரியில் தராசில் ஏறி நின்றபோது முள் நூற்றெட்டுக் கிலோவில் போய் நின்றது. மஹ்றூப் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். அரைக் கிலோ குறைந்தது. தாதி சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டாள். சீனி ஏறிக் கிடக்கிறது, பிரஷரும் சரியில்லை, நாற்பத்து மூன்று வயதுக்கு இது நல்லதல்ல என்று டாக்டர் சொன்னார். நடக்கச் சொன்னார். முழங்கால் நோகிறது என்று மஹ்றூப் சொன்னதும், அப்படியென்றால் சைக்கிள் ஓடுங்கள், பாரத்தைச் சைக்கிள் தாங்கிக்கொள்ளும் என்றார். இது 1994 ஓகஸ்டில்.

சைக்கிள் என்ற சொல்லைக் கேட்டதும் மஹ்றூப்புக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்றில் இருந்த காலத்தில் அவருக்குச் சைக்கிள்தான் கடை. பின் கரியரில் இரண்டு பெரிய புடைவை மூட்டைகளைக் கட்டிக்கொண்டு விடியக் கிளம்பினால், காட்டுப் பாதையால் நெடுங்கேணி வரைக்கும் ஊர் ஊராக நின்று சீத்தையும் சாரமும் பாவாடைத் துணியும் விற்றுக்கொண்டு போவார். ஒரு நாளைக்கு முப்பது கட்டை, அதாவது முப்பது மைல், ஓடினாலும் மூச்சு வாங்காது. ஓடிக்கொண்டே காலைத் தூக்கிப் போட்டு ஏறுவார். மூட்டையோடு அப்படி ஏறுகிற ஆளை நெடுங்கேணிச் சந்தையில் வேறு யாரும் கண்டதில்லை.

1990 ஐப்பசியில், முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று வடக்கை வைத்திருந்த ஆயுத இயக்கம் அறிவித்தது. போட்டது போட்டபடி கிடக்க, கையில் அள்ளியதோடு குடும்பம் வவுனியாவுக்கு வந்தது. மனைவி நிஹ்லாவின் தங்கை பட்டாணிச்சூரில் இருந்தாள். தங்கையின் கணவர் முன்ஸிருக்கு வவுனியா பசாரில் புடைவைக் கடை. வளவின் பின்பக்கம் இருந்த இரண்டு அறைகளை முன்ஸிர் இவர்களுக்குக் கொடுத்தார், மஹ்றூப்புக்குக் கடையில் ஒரு கதிரையும் கொடுத்தார். நல்ல மனுசன், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அந்தக் கதிரையில் இருந்தபடியே நான்கு வருடம் மஹ்றூப் துணி அளந்தார். போவதற்கு ஊரில்லாமல் போனது போல, எழுந்து நடப்பதற்கும் ஒரு தேவை இல்லாமல் போனது. மத்தியானச் சோறு, நாலு மணிக்குப் பணிஸ், இரவில் மறுபடி சோறு. உடம்பு ஊதிக்கொண்டே வந்தது.

முன்ஸிரின் வீட்டுச் சுவரில் சாத்திக் கிடந்த பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்தார். முதல் நாள் சுபஹு தொழுதுவிட்டு, ஒருவரும் பார்க்காத நேரமாக அதை மதகடிக்கு உருட்டிக்கொண்டு போனார். மதகுக் கட்டில் ஒரு காலை ஊன்றித்தான் ஏற முடிந்தது. பத்து நிமிடம் ஓடியிருக்க மாட்டார், நெஞ்சு படபடத்தது. தொடை உரசி எரிந்தது. குருமன்காட்டுச் சந்தி தெரிகிற தூரத்தில் இறங்கி, ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் பின்சில்லில் இரண்டு கம்பிகள் தெறித்தன.

சைக்கிள் திருத்துகிற வீரகத்திக்கு அறுபது வயதிருக்கும். சில்லைக் கழற்றிச் சுற்றிப் பார்த்தார், பிறகு மஹ்றூப்பை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பழி சொல்கிற பார்வையல்ல, அளவெடுக்கிற பார்வை. கனத்த கம்பி போட்டுத் தருவதாகவும், காற்றைக் கல்லுப் போல அடித்து வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். சீற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான், முஸ்லிம்களை மரியாதையாகக் கூப்பிடுகிற ‘நானா’வோடு முக்கியமான விசயத்துக்கு வந்தார்.

“நானா, சீற்றைப் பதிச்சு வச்சு ஓடினா முழங்கால் நோகத்தான் செய்யும். ரெண்டு விரக்கடை உயர்த்திவிடுறன். முதல் மாதம் தூரம் பாக்காதீங்கோ. இறங்காம எவ்வளவு நேரம் இருக்கிறீங்கள் எண்டு மட்டும் பாருங்கோ.”

மஹ்றூப் அப்படியே செய்தார். சாரத்தை விட்டுவிட்டுக் காற்சட்டை போட்டார். வெள்ளைச் சட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணி அடித்துக்கொண்டு அவரைக் கடந்து போனார்கள், அவர் பாட்டுக்கு மெல்ல மெல்ல மிதித்தார். குருமன்காடு ஒரு கிழமையில் தாண்டியது. அடுத்த மாதம் மணிக்கூட்டுக் கோபுரம். பணிஸை விட்டார், இரவுச் சோற்றைப் பாதியாக்கினார். ஒக்டோபர் கிளினிக்கில் நூற்று மூன்று. மழை பிடித்த மூன்று கிழமை ஓட முடியாமல் திரும்ப ஒரு கிலோ ஏறியது. நிஹ்லா குரக்கன் மாப் பிட்டு அவிக்கத் தொடங்கினாள். இவர் சீனி வருத்தத்துக்காகத்தான் ஓடுகிறார் என்று அவள் நம்பியிருந்தாள். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, கடைக்குத் திரும்ப நேரம் இருந்தது. கோபுரத்தடியில் சைக்கிள் வடக்குப் பக்கம் திரும்பியது. யாழ்ப்பாணம் போகிற பெரிய பாதை அது. அதில் போனால் புளியங்குளம். புளியங்குளத்தில் வலப்பக்கம் திரும்பினால் நெடுங்கேணி. அதற்கப்பால் முள்ளியவளை, தண்ணீரூற்று. எல்லாமாக நாற்பத்தைந்து கட்டை. ஆனால் இரண்டு கட்டை போனதும் தாண்டிக்குளத்தில் ஆமியின் கடைசிக் காவல், அதற்கப்பால் இயக்கத்தின் இடம். மண்மூட்டை, பீப்பாய், குறுக்கே ஒரு தடி. தடிக்கு அந்தப் பக்கமும் அதே தார் றோட்டுத்தான், கானல் அலைய நேரே போய்க்கொண்டிருந்தது. பாஸ் வைத்திருந்த சனம் பைகளோடு அங்கிருந்து நடந்து வந்தது. மஹ்றூப் தேத்தண்ணிக் கடையோரம் காலை ஊன்றி நின்று, வருகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அன்றிலிருந்து பாதை திறக்கிற வெள்ளிகளில் அவர் அங்கே நின்றார். வீட்டில் சொல்லவில்லை.

தொண்ணூற்றைந்து ஜனவரியில் சண்டை நிறுத்தம் வந்தது. சனத்துக்குத் தலைகால் புரியவில்லை. பாதை திறக்கப் போகிறதாம், பஸ் ஓடப் போகிறதாம் என்று பசார் முழுக்க அதே கதை. மஹ்றூப்புக்கு ஒரு கணக்கு மட்டும் மனதில் ஓடியது: ஒரே நாளில் நாற்பத்தைந்து கட்டை. வடக்கே இரண்டு கட்டைதான் விடுவார்கள் என்பதால் மேற்கே மன்னார் றோட்டில் பழகினார். பூவரசங்குளம் வரை போய் வந்தார். மாசி முடிவதற்குள் நேரியகுளம் வரை போய், அங்கிருந்த ஒன்றுவிட்ட ராத்தாவின் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார். கிளினிக்கில் தொண்ணூற்றிரண்டு. ஒருநாள் தன்னை மறந்து, ஓடிக்கொண்டே காலைத் தூக்கிப் போட்டு ஏறிவிட்டார். ஏறிய பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது, பாதை திறந்தால் விடியக் கிளம்பிப் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் ஊருக்குப் போய்விடுவேன் என்று வாய் தவறிச் சொன்னார். நிஹ்லாவின் கை நின்றது.

“நான் வரமாட்டன். நீங்கள் போறதெண்டா போங்கோ. என்னட்ட அந்த ஊரைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.”

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். நெடுநேரம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அன்றைக்கு அவ்வளவு பாத்திரம் இருக்கவில்லை.

மார்ச்சில் ஒரு வெள்ளி, தடியைத் தாண்டி ஒரு பெண் மெல்ல மெல்ல, நிலத்தைக் காலால் தொட்டுப் பார்த்து நடந்து வந்தாள். நெடுங்கேணிக்கு உள்ளே ஒரு குடியேற்றத்தில் இருந்த சுப்பம்மா. எழுபத்தேழுக் கலவரத்தோடு மாத்தளைத் தோட்டத்தை விட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவள். ஒவ்வொரு தீபாவளிக்கும் மஹ்றூப்பிடம்தான் புடைவை எடுப்பாள். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தாள். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. கண்டியில் ஒப்பரேஷன் செய்யத் தம்பி வீட்டுக்குப் போகிறாளாம்.

தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, கடையின் மர வாங்கில் இருத்தி, ஊர்ப் புதினம் கேட்டார். வீட்டைப் பற்றிக் கேட்டார். போன வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனபோது அந்த வழியாகத்தான் நடந்தோம் என்று சுப்பம்மா சொன்னாள். கொக்கிளாய்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் அந்த வீட்டில் இருக்கிறதாம். கிணற்றில் தண்ணீர் வாங்கிக் குடித்தாளாம். காலுக்குக் குப்பை தட்டுப்படாமல் முற்றம் கூட்டிக் கிடந்ததாம். மஹ்றூப்புக்கு அது ஆறுதலா வேதனையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. யாரோ ஒருத்தி தன் முற்றத்தைக் கூட்டுகிறாள் என்பதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறியது. பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்டார்.

“பள்ளிவாசலுக்குப் பின்னால எங்கட மையவாடி இருக்கு. அதைப் பாத்தனீங்களோ, அக்கா?”

அங்கேதான் அவர்களின் ஒரே மகள் நஸீமா அடக்கப்பட்டிருந்தாள். இரண்டு வயதில், எண்பத்து நான்கில், காய்ச்சலில் போனவள். அவளுக்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தலைமாட்டில் நட்ட மீசான் கட்டையை மஹ்றூப்தான் முதிரைப் பலகையில் செதுக்கினார். ஊரில் இருந்தவரைக்கும் நிஹ்லா வெள்ளி தவறாமல் அந்த வேலியோரம் போய் நிற்பாள். ஊரை விட்டு வந்த நாளிலிருந்து பிள்ளையின் பெயரை அவள் சொன்னதில்லை.

சுப்பம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அந்தப் பக்கம் போகலீங்க நானா. போனாலும் என் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது. ஒரு கண்ணாவது தெளிஞ்சிச்சுன்னா இந்தப் பொங்கலுக்குப் போறப்ப கட்டாயம் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

சித்திரை பிறந்த சில நாட்களில் சண்டை நிறுத்தம் முறிந்தது. முதல் கிழமை மஹ்றூப் சைக்கிளைத் தொடவில்லை. இனி ஏன் மெலிய வேண்டும் என்று கடைக் கதிரையில் சாய்ந்து கிடந்தார். முன்ஸிர் பணிஸ் வாங்கி வந்து வைத்தார், அதையும் தின்றார். எட்டாம் நாள் வீரகத்தி கடை வாசலில் வந்து நின்று, சில்லு நெளிவு எடுத்து நாளாகிறதே, கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மஹ்றூப் கொண்டுபோனார். மறுநாள் காலையில் மன்னார் றோட்டில் ஏறினார். கால் மறந்திருக்கவில்லை.

வைகாசி போனது, ஆனி போனது. பாதை சில வெள்ளி திறந்தது, பல வெள்ளி மூடிக் கிடந்தது. கச்சான் காற்று தொடங்கியதும் மேற்கே மிதிப்பது மதிலைத் தள்ளுவது போல இருந்தது. ஆனாலும் மிதித்தார். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினார். ஓகஸ்டில் ஒரு நாள், மற்றக் கண்ணுக்கு ஒப்பரேஷன் செய்யச் சுப்பம்மா மறுபடி வந்தாள். இம்முறை தூரத்திலேயே அவரைக் கண்டு கையைத் தூக்கினாள்.

“போய்ப் பாத்தேங்க நானா. வேலி விழுந்துபோச்சு. ஆனா ஆடு மாடு போகாம யாரோ முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிருக்காங்க. அந்தச் சின்னக் கட்டை நிக்குது. கொஞ்சம் சாஞ்சிருந்துச்சு. நான் நிமித்தி மண்ணு அணைச்சுட்டு வந்தேன்.”

மஹ்றூப் அவளுடைய பையைத் தூக்கிச் சைக்கிளில் வைத்து, பஸ் நிலையம் வரை கூடவே உருட்டிக்கொண்டு நடந்தார்.

பிறகு நேரே கடைக்குப் போகாமல் வீட்டுக்குப் போனார். நிஹ்லா வெயிலில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தாள். வெள்ளிகளில் தான் போய் நின்ற இடத்திலிருந்து சுப்பம்மா மண் அணைத்தது வரைக்கும் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். ஏசுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஏசவில்லை. மிளகாயைச் சுளகில் அள்ளி முடித்தாள், கையைக் கழுவினாள், முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

“என்னையும் ஏத்திக்கொண்டு போங்கோ. தாண்டிக்குளம் மட்டும்.”

ஒரு வருடத்துக்கு முன் தன் பாரத்தையே கொண்டுபோக முடியாத ஆள், கரியரில் மனைவியை இருத்திக்கொண்டு மிதித்தார். பக்கவாட்டில் இருந்தபடி அவள் சீற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தாண்டிக்குளத்தில் அன்றைய நேரம் முடிந்து சனம் கலைந்திருந்தது. நிஹ்லா இறங்கி றோட்டோரம் நின்றாள். ஊருக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு தூரம் என்று கேட்டாள். அவர் கையை நீட்டிக் காட்டினார். எவ்வளவு நேரத்தில் ஓடுவீர்கள் என்று கேட்டாள். இப்போதென்றால் ஐந்து மணித்தியாலம் என்றார். அவள் தலையாட்டினாள். நிற்க வேண்டாம் என்று ஆமிக்காரன் கையை அசைத்தான்.

அந்தப் பாதையில் பிறகு பெரிய சண்டைகள் நடந்தன. 2002இல் பாதை திறக்கிற வரைக்கும் மஹ்றூப் தண்ணீரூற்றைக் காணவில்லை. சைக்கிளை விடவும் இல்லை. இதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்று திரும்பி வரும்போது, கோபுரத்தடி தாண்டியதும் பின்னாலிருந்து நிஹ்லா கதைக்கத் தொடங்கினாள். நஸீமாவுக்கு எடுத்த மஞ்சள் பூப்போட்ட சீத்தைத் துணியைப் பற்றிச் சொன்னாள். பிள்ளை கோழிக்குஞ்சைச் சட்டைக்குள் ஒளித்து வைத்ததைச் சொன்னாள். காய்ச்சல் வந்த இரவில் அவள் கேட்ட தோடம்பழத்தைச் சொன்னாள். பதினொரு வருடத்துக்கு முந்திய கதை. மஹ்றூப்புக்கு அவள் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. கச்சான் எதிரே அடித்ததால் ஒரு சொல்லும் தவறாமல் கேட்பதற்குத் தலையைச் சாய்த்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து மிதித்தார். குருமன்காடு போனது. பட்டாணிச்சூரில் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை வந்தது. அவர் திரும்பவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. பூவரசங்குளத்துப் பக்கம் றோட்டு வெறுமையாக, நேராகக் கிடந்தது. கால் இன்னும் களைக்கவில்லை.