இரண்டு விரிப்புகளுக்கு நடுவே

தொங்கும் படுக்கை விரிப்பின் அடியால் ஒரு கட்டளைச் சீட்டு வருகிறது. மஷூர் குனிந்து எடுத்து, நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி வாசித்துவிட்டு, மேசையில் நீலப் படையின் ஐந்து வீரர்களை ஆற்றங்கரைக்கு நகர்த்துகிறார். வீரர்கள் எல்லோரும் சாயம் பூசிய ரப்பர் விதைகள். மலைகள் பழைய பேப்பர்க் கூழ்.

கலவான டவுனில் அவருடைய போட்டோகொப்பிக் கடை பௌர்ணமிப் போயா விடுமுறையில் பூட்டு. அன்று போர் விளையாட்டுக்காகப் பின்னறையை இரண்டு விரிப்புகளால் மூன்றாகப் பிரித்துவிடுவார். நடுவில் மேசையோடு அவர். ஒரு பக்கம் நீலப் படைக்கு மதுசன், மறுபக்கம் சிவப்புப் படைக்கு சுதாகரன். இருவரும் ஒரே தோட்டம், ஒரே தொழிலாளர் லயம். ஆளுக்கொரு வரைபடம் உண்டு; எதிரியைப் பற்றி அவரவர் ஒற்றர் கண்டதை மட்டுமே மஷூர் சொல்வார்.

“மஷூர் நானா, அவென் ஆத்தத் தாண்டிட்டானா? ஒன்னே ஒன்னு சொல்லுங்க” என்று மதுசன் கெஞ்சுவான்.

“ஒங்கட ஒற்றன் காணாதத நான் எப்பிடிச் சொல்லிய, தம்பி?”

வெளியே மழை பெய்தால் மேசையிலும் மழை. “பீரங்கி நகரேலா” என்று இரு பக்கமும் அறிவிப்பார். கலவானவில் பீரங்கி நகர்ந்த நாட்கள் குறைவு.

“இந்த மனிசனுக்குப் பிஸ்ஸு, முழுப் பைத்தியம்” என்றபடியேதான் மனைவி ஸம்ஹா தேத்தண்ணி கொண்டுவருவாள். ஒரு காலத்தில் தட்டில் ஒன்பது கோப்பைகள். விளையாட வந்த பிள்ளைகள் கொழும்புக்கும் கட்டாருக்கும் போகப் போக, இப்போது மூன்று. இன்னும் ஒருவன் போனால் போர் நின்றுவிடும். இரு பக்கமும் தெரிந்த மஷூர் எதிரியாக உட்கார முடியாது.

இன்று நாலாவது சுற்றுக்குச் சிவப்புப் பக்கமிருந்து சீட்டு வரவில்லை. விரிப்பை விலக்கி உள்ளே போனார். பின்கதவு திறந்து கிடந்தது. கதிரையில் ஒரு தாள்.

“நானா, நாளைக்கு வெள்ளனவே கட்டார் போறேன். நானும் மதுசனும் ஒன்னாத்தான் வேலைக்கு எழுதிக் குடுத்தோம். மெடிக்கல்ல அவென் பெயில். நானும் பெயிலுன்னு பொய் சொல்லி வச்சிருக்கேன். அவென் மூஞ்சியப் பாக்க முடியல. நீங்களே சொல்லிருங்க.”

மூன்று முறை வாசித்தார். மேசையில் சிவப்புப் படை பாலத்தடியில் ஒரு ஆளும் குறையாமல் நின்றது.

“என்னாங்க நானா, சத்தத்தக் காணோம்?” நீலப் பக்கமிருந்து மதுசன் சிரித்தான். “பயந்துட்டானா? மெடிக்கல்ல மாதிரி இதுலயும் ரெண்டு பேரும் சேந்தே பெயிலாவோம்னு சொல்லுங்க அவென்கிட்ட.”

மஷூர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“கொஞ்சம் பொறுங்கொ தம்பி. யோசிக்கிறான்.”

பிறகு அந்த வெறும் கதிரையின் முதுகைப் பிடித்து, யாரோ அசைந்து உட்கார்வதுபோல, சீமெந்துத் தரையில் கிறீச்சென்று ஒரு தரம் இழுத்தார்.