என் பின்னால் நின்ற வெள்ளைக் கரடி

அண்டார்டிகாவிலிருந்து நான் ஊர் திரும்பிய காலையில், கடலூர் முதுநகர் ரயில் நிலையத்துக்கு எதிரே என்னைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நானே நின்றுகொண்டிருந்தேன். சிவப்பு ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி. கீழே மஞ்சள் எழுத்தில் "முதுநகரின் பனிப்புயலே, வருக!" பின்னால் பனிமலை. அதன்மேல் ஒரு வெள்ளைக் கரடி.

அந்த பிளெக்ஸைச் செய்தவள் என் தோழி. சிதம்பரத்தில் படித்த மூன்று வருடமும் கடலூரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வந்தவர்கள் நாங்கள். என் அம்மா துறைமுகத்தில் மீன் பிரிப்பவள். அப்பாவுக்குக் கையெழுத்து போடத் தெரியாது. மேற்படிப்பு விண்ணப்பம் நிரப்ப என்னோடு உட்கார்ந்தவள் இவள்தான். பிறகு அவள் பிளெக்ஸ் கடையில் டிசைனர் ஆனாள். நான் ஏரித் தண்ணீரில் வாழும் பாசியை ஆராயப் பூமியின் அடிமுனைக்குப் போனேன்.

"எப்பிடிடி இருக்கு?"

வெள்ளைக் கரடி வட துருவத்து மிருகம். அண்டார்டிகாவில் ஒன்றுகூடக் கிடையாது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. ஆனால் மூன்று ஞாயிறு லீவை விட்டு அதைச் செய்திருந்தாள், முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். "சூப்பர்டி" என்றேன்.

மூன்றாம் நாள் எங்கள் ஊர் அறிவியல் ஆசிரியர் ஒருவர் பிளெக்ஸைப் படமெடுத்து முகநூலில் போட்டு, "அண்டார்டிகாவில் ஏது வெள்ளைக் கரடி?" என்று கேட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான். மீதியைக் கீழே கமெண்ட் போட்டவர்கள் கேட்டார்கள். இந்தப் பெண் உண்மையிலேயே போனதா? எல்லாம் ஸ்டூடியோ வேலையா?

அசல் புகைப்படத்தைப் போட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நான் வேலை செய்த இடத்தில் கோடையில் பனி உருகி வெறும் பழுப்புப் பாறைதான் கிடக்கும். "இது திண்டிவனம் பக்கத்துல கல்குவாரிப்பா. எங்க மச்சான் அங்கதான் லாரி ஓட்டுறான்" என்று ஒருவர் எழுத, ஊரே சிரித்தது. ஒரு கல்லையாவது காட்டு என்றார்கள். அனுமதியில்லாமல் அங்கிருந்து கூழாங்கல்கூட எடுத்துவர முடியாது என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

துறைமுகத்தில் அம்மாவிடம், "இன்னாக்கா, ஒம் பொண்ணு கல்லு ஒடைக்கத்தான் போச்சாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தாளாம்.

சிதம்பரத்தில் நாங்கள் படித்த கல்லூரி என்னைப் பேச அழைத்திருந்தது. அங்கிருந்து பேராசிரியர் போன் செய்தார். "வாங்கம்மா, வர வேணாம்னு சொல்லல. ஆனா அதுக்கு முன்னாடி, இது கடைக்காரங்க செஞ்ச தப்புன்னு ஒரு வரி போட்டுடுங்க."

அந்த வரியைத் தட்டச்சு செய்தேன். அதில் பொய் என்று எதுவும் இல்லை. ஆனால் இன்னொரு புகார் வந்தால் வீட்டிலேயே இருந்துகொள்ளச் சொல்லி என் தோழியை அவள் முதலாளி ஏற்கெனவே எச்சரித்திருந்தார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கூப்பிட்டாள்.

"எம்மேலயே போட்டுடுடி. கரடிய நெட்லேருந்து நான்தான எறக்குனேன்?"

"நான் பாத்துட்டு சூப்பர்னு சொன்னேன்ல?"

"அது பாசத்துல சொன்ன."

"பாசம்லாம் இல்ல. நீ அழுவியேன்னு பயம்."

"அழுவ மாட்டன். அங்கயே ஒன்ன நாலு சாத்து சாத்திட்டு கரடிய எடுத்திருப்பன்."

அந்த வரியை அழித்தேன். "நாளைக்கு காலேஜுக்கு நீயும் வர" என்றேன்.

பஸ் வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது அவள் தன் போனை என் மடியில் போட்டாள். அண்டார்டிகாவிலிருந்து நான் அனுப்பிய வீடியோக்கள். என் போனில் இடமில்லாமல் நான் அழித்துவிட்டவை. அவள் ஒன்றைக்கூட விடவில்லை.

மேடையில் முதலில் பிளெக்ஸ் படத்தைத்தான் திரையில் போட்டேன். அரங்கம் சிரித்தது. "இந்தக் கரடியை ஊருக்கு வந்த அன்றே பார்த்தேன். தப்பு என்று தெரிந்தும் நன்றாக இருக்கிறது என்றேன். தப்பு என்னுடையது. பிளெக்ஸ் செய்தவள் அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறாள்" என்றேன். பிறகு அவள் வைத்திருந்த வீடியோ ஓடியது. பழுப்புப் பாறை, அதே சிவப்பு ஜாக்கெட், காற்றின் இரைச்சல். கேமரா மெல்லத் திரும்புகிறது. பாறைக்கு அந்தப் பக்கம் வானம் வரைக்கும் பனி, முடிவே இல்லாத பனி. அதற்குமேல் என் தொண்டை கிழிகிறது: "ஏய் கழுத, இங்க பாருடி! நம்ம ஹார்பர் ஐஸ் கம்பெனி எவ்ளோ பெருசாயிட்டுதுன்னு!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எந்தத் திண்டிவனத்தில் அந்தப் பனி இருக்கிறது?

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். அந்த ஆசிரியர். "ஒண்ணு சொல்லிடறம்மா. நீங்க போவலன்னு நான் சொல்லவே இல்ல. கரடி போவலன்னுதான் சொன்னன்." எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் என் தோழிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அடுத்த வாரம் அவள் முதலாளியே புது பிளெக்ஸ் போட்டார், அவள் டிசைனில். வெறும் பாறை, தூரத்தில் பனி, நடுவில் நான். என் வாழ்நாளில் நான் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

அதைப் பார்த்துவிட்டு மீன் பிரிக்கும் இடத்தில் ஒருத்தி அம்மாவைச் சீண்டியிருக்கிறாள். "எங்கக்கா, கரடியக் காணோம்?"

அம்மா இந்த முறை தள்ளிப் போய் உட்காரவில்லை.

"அது வடக்க இருக்கறதுடி. எம் பொண்ணு போனது தெக்க."